புலம்பெயர்ந்தோர் வீட்டு உணவுமேசை

ஆகஸ்டு 15ஆம் நாள் காமநாயக்கன்பட்டிக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியை மறக்க இயலாது. பரலோக மாதாவின் தேர் வீதியில் அசைந்து வருகிறது. தேரைச் சூழ்ந்து நிற்போரில் பாதிப்பேர் அவ்வூரில் வாழ்கிறவர்கள் அல்லர். பிழைப்புக்காகத் தொலைநகரங்களுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை அன்னையின் முகம் காண வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பேசும் தமிழில் வேற்றூர் வாடை வீசுகிறது. திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டிகள் அப்பிள்ளைகளின் முகத்தில் மறைந்துபோன தாத்தாக்களின் சாயலைத் தேடுகிறார்கள். இரண்டு நாள் சென்றால் இந்த வீடுகளில் பல மீண்டும் பூட்டப்பட்டுவிடும்.

ஊரை விட்டுப் போன குடும்பம் குடும்பமாகவே நிலைப்பது எதனால்? இந்த வினாவுக்கு விடை தேடும்போது, கரிசல் மண்ணுக்குச் சற்றும் தொடர்பில்லாததுபோல் தோன்றும் ஓர் அமெரிக்கத் திரைப்படம் நம் நினைவுக்கு வருகிறது. 1987ஆம் ஆண்டு வெளிவந்த ‘மூன்ஸ்ட்ரக்’ என்பது அதன் பெயர். நிலவொளியில் பித்துற்றவர் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். நார்மன் ஜூவிசன் இயக்க, ஜான் பேட்ரிக் ஷான்லி எழுதிய இப்படம், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் வாழும் இத்தாலியக் குடியேறிகளின் குடும்பமொன்றைப் பற்றியது. சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகை, சிறந்த மூலத் திரைக்கதை என மூன்று ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. காதலும் நகைச்சுவையும் கலந்த படந்தான். எனினும் அதன் சிரிப்புக்குப் பின்னால் ஒரு மக்களினத்தின் நெடுவரலாறு நிற்கிறது.

கதை எளியது. லொரெட்டா என்பவள் முப்பத்தேழு வயதுக் கைம்பெண். கணக்கெழுதிப் பிழைப்பவள். முதல் திருமணம் கோவிலில் நடைபெறாமல் அரசு அலுவலகத்தில் நடந்ததால்தான் கணவன் பேருந்து மோதி இறந்தான் என்று நம்புகிறவள். ஆகவே இம்முறை எல்லாம் முறைப்படி நடைபெறவேண்டும் என்கிறாள். தன்னை மணக்கக் கேட்கும் ஜானியை முழந்தாளிட வைத்து, மோதிரமும் கேட்கிறாள். மரணப் படுக்கையில் கிடக்கும் தாயைக் காண ஜானி சிசிலிக்குப் பறக்கிறான். பேச்சுவார்த்தை அற்றுப்போன தன் தம்பி ரோனியைத் திருமணத்திற்கு அழைத்துவருமாறு லொரெட்டாவிடம் சொல்லிச் செல்கிறான். ரொட்டிக் கடையில் உழைக்கும் ரோனி, இயந்திரத்தில் ஒரு கையை இழந்தவன். அதற்குக் காரணம் அண்ணனே என்று ஆண்டுக்கணக்காகப் பகை வளர்ப்பவன். அழைக்கப் போனவள் அவன்மேல் காதல் கொண்டுவிடுகிறாள். இதற்கிடையில் அவள் தந்தை காஸ்மோ வேறொரு பெண்ணோடு பழகுகிறார். தாய் ரோஸ் அதை அறிந்தும் வாய் திறவாது வீட்டை நடத்துகிறாள்.

மகளின் திருமணச் செலவை ஏற்க முணுமுணுக்கும் தந்தை, நாய்களோடு உலவும் தாத்தா, எந்நேரமும் எவரேனும் வந்து அமரும் சமையலறை: இவற்றைக் காணும்போது, இவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள் அல்லவா என்றே தோன்றுகிறது.

தெற்கத்தி வறட்சி

இக்குடும்பம் புரூக்ளினுக்கு வந்த வழியைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். 1861இல் இத்தாலி ஒரே அரசாக ஒன்றுபட்டது. ஒன்றுபட்ட நாட்டின் பயன் பெரும்பாலும் வடக்கே போய்ச் சேர்ந்தது. வரியின் சுமையோ தெற்கத்தி உழவனையும் விடவில்லை. 1869 முதல் மாவு அரைப்பதற்கும் வரி கொடுக்கவேண்டியிருந்தது. சிசிலி, கலாபிரியா, பசிலிக்காத்தா, நாப்பொலியைச் சூழ்ந்த பகுதிகள் ஆகியவற்றில் நிலம் சிலர் கையில் குவிந்துகிடந்தது. மழையை நம்பிக் கோதுமை விதைத்தவன் அறுவடையில் பெரும்பங்கை நிலக்கிழாருக்கு அளந்தான். மலேரியாவும் திராட்சைக் கொடிகளைத் தாக்கிய பூச்சியும் எஞ்சியதை அழித்தன. வானம் பார்த்த பூமியில் புரட்டாசி மழைக்குக் காத்திருந்து, விதைத்த பருத்தியும் கம்பும் கருகக் கண்டவர்களுக்கு இந்த வரலாற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1880 முதல் 1924 வரை நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவில் சென்று இறங்கினர். கப்பலின் அடித்தட்டில் நெருக்கியடித்துக் கடல் கடந்தார்கள். சுரங்கப்பாதை தோண்டினார்கள், தண்டவாளம் போட்டார்கள், கல் சுமந்தார்கள். நான்கு காசு சேர்த்து ஊருக்குத் திரும்பிவிடவேண்டும் என்பதே பலருடைய எண்ணம். திரும்பியவர்களும் மிகப் பலர். பருவம் பார்த்து வந்துபோகும் பறவைகள் என்று அமெரிக்கர் அவர்களை இகழ்ந்தனர். ஊரில் விடப்பட்ட மனைவியருக்கு இத்தாலியில் வேறொரு பெயர் இருந்தது: வெள்ளைக் கைம்பெண்கள். கணவன் உயிரோடிருந்தும் கருப்பு உடுத்தாத விதவைகள் அவர்கள்.

வெறுப்பும் அவர்களைத் தொடர்ந்தது. 1891இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பதினோரு இத்தாலியரை ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து கொன்றது. 1924இல் நிறைவேறிய சட்டம் தென் ஐரோப்பியரின் வருகையைப் பெரிதும் அடைத்துவிட்டது.

கோவிலின் நிலவறை

இவ்வரலாற்றில் கத்தோலிக்கராகிய நம்மைச் சுடும் பகுதி ஒன்று உண்டு. நியூயார்க்கில் அந்நாளில் கத்தோலிக்கத் திருச்சபை பெரும்பாலும் அயர்லாந்துக்காரரின் கையில் இருந்தது. அவர்களும் பஞ்சத்துக்குத் தப்பி ஓடிவந்தவர்களே, அவர்களும் இகழப்பட்டவர்களே. ஆயினும் பின்னால் வந்த இத்தாலியரை அவர்கள் உடன்பிறப்புகளாக ஏற்கத் தயங்கினர். இத்தாலியரின் சுரூபங்கள், தேர்கள், வாண வேடிக்கைகள், கூக்குரலிட்டு அழும் வேண்டுதல்கள் ஆகியவை அவர்களுக்கு அருவருப்பாக இருந்தன. எனவே பல பங்குகளில் மேலே கோவிலில் ஒரு திருப்பலியும், கீழே நிலவறையில் இத்தாலியருக்கு வேறொரு திருப்பலியும் நடந்தன. கிழக்கு ஹார்லெமில் 115ஆம் தெருவிலுள்ள கார்மேல் அன்னை ஆலயத்தைக் கட்ட இத்தாலியரே தம் கைகளால் உழைத்தார்கள். ஆனால் அவர்கள் வழிபட்டதும் அன்னையின் சுரூபம் வைக்கப்பட்டிருந்ததும் நெடுங்காலம் அந்த ஆலயத்தின் நிலவறையில்தான். ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று அன்னை வீதிக்கு வந்தாள். அந்த ஒரு நாள் அத்தெரு அவர்களுடையதாயிற்று.

நிலவறையில் தள்ளப்பட்டவர்களைத் தேடிச் சென்றவர்களும் உண்டு. பியாச்சென்சா ஆயர் ஸ்கலபிரினி 1887இல் குடியேறிகளுக்கெனத் துறவற சபை ஒன்றைத் தொடங்கினார். 2022இல் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. புனித பிரான்சிஸ் சேவியர் கபிரினி கீழ்த்திசைக்கு, சீன நாட்டுக்குச் செல்ல விரும்பியவர். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அவரை மேற்றிசைக்குப் போகச் சொன்னார். 1889இல் நியூயார்க்கில் இறங்கிய அவர் அநாதை இல்லங்களையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நிறுவினார். 1950இல் குடியேறிகளின் பாதுகாவலி என அறிவிக்கப்பட்டார்.

‘மூன்ஸ்ட்ரக்’ காட்டும் குடும்பம் இந்த நிலவறையிலிருந்து மேலேறி வந்த மக்களின் குடும்பம். காஸ்மோ இப்பொழுது நல்ல வருவாயுள்ள குழாய்ப் பணியாளர், வீடும் பெரிது. அவர்கள் வென்றுவிட்டார்கள். வென்ற பின்னரும் குடும்பம் எப்படி நிலைக்கிறது என்பதே படத்தின் வினா.

கீழ்த்திசை வந்த இத்தாலியர்

கபிரினி பிறந்த அதே லொம்பார்டிப் பகுதியிலிருந்து, அவருக்கு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் கீழ்த்திசைக்குப் புறப்பட்டார். நம் கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்த இத்தாலியர் அவர். 1680இல் காஸ்திலியோனே என்னும் ஊரில், புனித ஞானப்பிரகாசியார் பிறந்த அதே ஊரில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கியே நாம் போற்றும் வீரமாமுனிவர். 1711 அளவில் மதுரை மிஷனுக்கு வந்த அவர் தொடக்க காலத்தில் பணிபுரிந்த தலங்களுள் காமநாயக்கன்பட்டியும் ஒன்று. பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

அமெரிக்கா சென்ற இத்தாலியர் பிழைப்புக்காகச் சென்றார்கள். முனிவர் நற்செய்திக்காக வந்தார். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் வேற்று மொழியின் வாசலில் குழந்தைபோல் நிற்கும் துன்பம் இருவருக்கும் பொதுவானது. அவர் தமிழுக்குத் தந்தவற்றுள் இரண்டை மட்டும் இங்கே நினைவுகூர்வோம்.

முதலாவது தேம்பாவணி. 36 படலங்களில் 3615 பாடல்களால் அமைந்த அக்காப்பியத்தின் தலைவன் மன்னனோ வீரனோ அல்லன். வளன் என்று அவர் தமிழ்ப்படுத்திய சூசையப்பர். ஒரு தச்சனின் இல்லறமே காப்பியப் பொருளாயிற்று. அந்த இல்லறத்தின் பெருந்துன்பம் யாது? ஏரோதின் வாளுக்கு அஞ்சிக் குழந்தையோடு எகிப்துக்கு ஓடியதே. தாயகத்தை விட்டுவந்த இத்தாலியர் ஒருவர், தாயகத்தை விட்டோடிய குடும்பம் ஒன்றைத் தமிழில் பாடினார். 1952இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புலம்பெயர்ந்தோரைப் பற்றித் தாம் வெளியிட்ட ஆவணத்தில், எகிப்துக்குச் சென்ற நாசரேத்துத் திருக்குடும்பத்தையே எல்லாப் புலம்பெயர் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். அவ்வெண்ணத்திற்குரிய காப்பியம் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் மொழியில் இருந்தது.

இரண்டாவது பரமார்த்த குருவின் கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களோடு குரு ஆற்றைக் கடக்க அஞ்சி நின்ற கதையைச் சொல்லிச் சிரிக்காத தமிழ் வீடு உண்டா? காப்பியம் பாடிய அதே கை இந்தச் சிரிப்பையும் எழுதியது. சிரிப்பும் பக்தியும் ஒரே வீட்டில் வாழமுடியும் என்பதை அவ்விருவகை நூல்களும் சொல்லாமற் சொல்கின்றன. புரூக்ளின் குடும்பத்தின் சமையலறையிலும் நாம் காண்பது இதுதான்.

வந்தேறிய மண், புறப்பட்ட மண்

கரிசல் பூமியே வந்து குடியேறியவர்களின் பூமி. கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1976இல் எழுதிய ‘கோபல்ல கிராமம்’, தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சி ஓடிவந்த குடும்பங்கள் காட்டைத் திருத்தி ஊராக்கிய கதை. அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வீட்டில் ஒரு மொழியும் சந்தையில் ஒரு மொழியுமாக வாழ்ந்து, இரண்டையும் தம்முடையதாக்கிக்கொண்ட மக்களை நாம் அன்றாடம் காண்கிறோம்.

இதே மண்ணிலிருந்து புறப்பட்டவர்களும் எண்ணற்றோர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தென் மாவட்டங்களின் வறட்சி ஆயிரமாயிரம் குடும்பங்களைக் கங்காணிகளின் பின்னே இலங்கைக்குத் துரத்தியது. முதலில் காப்பி, பின்னர் தேயிலை. அவர்கள் மலையேறி மூன்று தலைமுறை கழிந்தபின், 1964இல் இரு நாட்டுத் தலைமையமைச்சர்களும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது எனக் கணக்குப் போடப்பட்டது. உடன்படிக்கை தலைகளை எண்ணியது, குடும்பங்களை எண்ணவில்லை. அண்ணன் இக்கரையிலும் தம்பி அக்கரையிலும், தாய் இங்கும் மகள் அங்குமாகப் பிரிந்தவர்கள் எத்தனையோ பேர். ஜானியைப்போல் மரணப் படுக்கையில் கிடக்கும் தாயைக் காணப் பறந்து செல்ல அவர்களிடம் பணமும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை.

அதன்பின் பம்பாய், திருப்பூர், வளைகுடா என்று பாதைகள் மாறின. பெட்டியில் கோவில்பட்டிக் கடலை மிட்டாயை வைத்துக் கொடுத்துவிடும் தாயின் கை மட்டும் மாறவில்லை.

உண்மை பேசப்படும் மேசை

மீண்டும் அந்தச் சமையலறைக்குச் செல்வோம். ரோஸ் ஒருநாள் தனியே உணவகத்தில் உண்கிறாள். அங்கே சந்தித்த ஒரு பேராசிரியர் அவளோடு வீடுவரை நடந்து வருகிறார். வீட்டில் எவரும் இல்லை. உள்ளே வர அவர் விரும்புகிறார். தான் மணமானவள் என்பதாலும் தான் யார் என்பதைத் தான் அறிந்திருப்பதாலும் அவள் மறுத்துவிடுகிறாள். கணவன் பிறழ்ந்தான் என்பதற்காகத் தானும் பிறழ அவள் உடன்படவில்லை. மறுநாட்காலை எல்லாரும் கூடியிருக்கும் மேசையில், இனி அந்தப் பெண்ணைப் பார்க்கலாகாது என்று கணவனிடம் நேராகச் சொல்கிறாள். அவர் எழுந்து மேசையை ஒருமுறை அறைந்துவிட்டு, அமர்ந்து, இசைகிறார். பாவசங்கீர்த்தனத்துக்கும் போய்வாரும் என்கிறாள் அவள். லொரெட்டாவும் தன் பிழையைக் குருவிடம் அறிக்கையிட்டவளே. மற்றப் பாவங்களுக்கிடையே அதை மெல்ல நுழைத்துச் சொல்லப் பார்த்தவளைக் குருவானவர் தப்பவிடவில்லை.

இப்படம் நம் ஒழுக்கநெறிக்கு இசைந்த பாடநூல் என்று நாம் கூறமாட்டோம். காதலின் பித்தை அது மிக எளிதாக மன்னித்துவிடுகிறது. கைவிடப்பட்ட ஜானியின் துயரத்தைச் சிரிப்பால் மூடிவிடுகிறது. குடும்பம் என்னும் பெயரால் ஒரு தாய் மகனைக் கட்டிப்போடவும் முடியும் என்பதை அவன் கதையிலேயே காண்கிறோம். மகன் மணக்கப்போகிறான் என்று கேட்டதும் தாய் பிழைத்து எழுகிறாள். மணந்தால் அவள் இறந்துவிடுவாள் என்று அவன் மணத்தையே கைவிடுகிறான். நம் ஊர்களிலும் இத்தகைய அன்பைக் கண்டு நாம் சிரித்திருக்கிறோம், அழுதும் இருக்கிறோம்.

எனினும் ஒன்றை இப்படம் சரியாகக் கண்டிருக்கிறது. குடும்பத்தைக் காப்பது பழைய ஊரின் நினைவு மட்டுமன்று. அனுப்பும் பணமும் அன்று. மறைத்தவை வெளிப்படும்போதும் எழுந்து போய்விடாமல் அமர்ந்திருக்கும் ஒரு மேசை வேண்டும். அங்கே உண்மை பேசப்பட வேண்டும். பேசிய பின்னும் கஞ்சி பரிமாறப்பட வேண்டும். இறுதியில் அனைவரும் குடும்பத்தின் நலத்திற்கெனக் கோப்பை உயர்த்தும்போது, மணமகனாக வந்து மணமகளை இழந்த ஜானியின் கையிலும் ஒரு கோப்பை தரப்படுகிறது. அவனும் உறவினன் ஆகிவிட்டான். அதன்பின் நம் கண்முன் வருபவை சுவரில் தொங்கும் முன்னோர்களின் புகைப்படங்கள்.

நம்மிடம் இன்று குறைந்துவருவது இந்த மேசையே என்று அஞ்சுகிறோம். தொலைபேசியில் நாள்தோறும் முகம் பார்க்கிறோம். நலமா என்றால் நலம் என்கிறோம். வேலை போனதைப் பிள்ளை சொல்வதில்லை. மூட்டுவலியைத் தாய் சொல்வதில்லை. ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அன்பினாலேயே மறைக்கிறோம். திருநாளுக்கு வந்த பிள்ளைகள் தேரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்முன், ஒரு வேளையேனும் கதவைச் சாத்தி அமர்ந்து மனம்விட்டுப் பேசினால், அதுவும் அன்னைக்கு உகந்த காணிக்கையே.

யாருக்கு நிலவறை?

இன்னொரு கடமையும் நமக்குண்டு. நம் பிள்ளைகள் புறப்பட்டுப்போன இத்தமிழ்நாட்டுக்கே இப்பொழுது ஜார்கண்ட், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து உழைப்பாளர்கள் வந்து நூற்பாலைகளிலும் கட்டட வேலைகளிலும் ஈடுபடுகிறார்கள். அவர்களுள் நம் விசுவாசத்தைக் கொண்ட பழங்குடி மக்களும் உளர். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில், மொழி புரியாமல் நின்றுவிட்டுப் போகும் இளைஞனை நாம் கண்டதில்லையா? அவன் பெயரை எப்போதேனும் கேட்டிருக்கிறோமா?

அயர்லாந்துக்காரர் இத்தாலியரை நிலவறைக்கு அனுப்பினர் என்று படிக்கும்போது நமக்குச் சினம் எழுகிறது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமென மக்களைப் பிரித்து நின்ற தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது என்பதையும் உடன் நினைத்தால் அச்சினம் நம்மை நோக்கித் திரும்பும். கட்டடத்தில் இருந்த தடுப்பு போய்விட்டது. மனத்தில் எஞ்சியிருப்பதை யார் இடிப்பது?

இத்தாலியிலிருந்து வந்த ஒருவரை இக்கரிசல் மண் ஏற்றுக்கொண்டது. அவருக்குச் சோறிட்டுத் தமிழும் சொல்லிக்கொடுத்தது. அவர் நமக்குத் தேம்பாவணியைத் தந்தார். இன்று நம் கோவிலின் கடைசி வரிசையில் நிற்பவன் எதைத் தருவான் என்று நாம் அறியோம். அதை எதிர்பார்த்து அழைக்கவும் வேண்டாம். வரும் ஆகஸ்டு 15 அன்று, தேர் நிலைக்கு வந்தபின், நம் வீட்டுப் பந்தியில் அவனுக்கும் ஓர் இலை போடுவோம். எகிப்தில் அந்நியராய் வாழ்ந்த தாயின் திருநாள் அது.